எண்ணெயில் முக்காத வாள்

வாள் என்பது வெள்ளைக்காரர்கள் கூடத்துச் சுவரில் மாட்டிவைக்கிற சாமான் என்றுதான் ஒன்பது வயதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்ததில் என் தப்பு ஒன்றும் இல்லை. சமயநல்லூரில் சாலையோரத் தகரக் கொட்டகையில் அப்பா செய்த வாள்கள் எல்லாம் மொட்டையாகத்தான் இருக்கும். விளிம்பு ஒரு ரூபாய்க் காசின் கனம், முனை சோற்றுக் கரண்டி மாதிரி உருண்டை. பழங்காலத்துச் சண்டையை விளையாட்டாகப் பழகுகிற வெளிநாட்டுக்காரர்களும், வீட்டில் அழகுக்கு வைக்கிறவர்களும் அவற்றை வாங்கினார்கள். தல்லாகுளத்து ஏஜென்ட் ஒருவர் படம் கொண்டுவந்து கொடுப்பார். அப்பா அதைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, லாரிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, குறுக்குப்பிடி முதல் கைப்பிடித் தோல் வரை அச்சு அசலாகச் செய்துவிடுவார். அக்கம்பக்கத்தில் யாராவது அருவாள் கேட்டு வந்தால் மட்டும் அது தனக்கு வராது என்பார். இம்புட்டு நீள வாள் அடிக்கிறவருக்கு அருவாள் வராதாக்கும் என்று அவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள்.

கொட்டகையில் எனக்குப் பிடித்த வேலைகள் இரண்டு. பழுத்த வாளை எண்ணெய்த் தொட்டியில் முக்கும்போது குப்பென்று நெருப்பு எழும். அதில்தான் இரும்புக்கு உரம் ஏறும் என்று அப்பா சொல்லியிருந்தார். இன்னொன்று, எல்லாம் முடிந்தபிறகு நடக்கும் சோதனை. முனையை மரக்கட்டையில் ஊன்றி, வாளை வில்லாக வளைத்து, சட்டென்று விடுவார். துள்ளி நேராக நிமிர்ந்தால் பெட்டிக்குப் போகும். நிமிராவிட்டால் திரும்பவும் உலைக்குத்தான்.

பெட்டிகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிப் பார்சல் ஆபீசுக்குக் கொண்டுபோகிறவர் மாமா, அம்மாவின் தம்பி. வரும்போதெல்லாம் எனக்குத் தூக்குவாளியில் பருத்திப்பால் வாங்கிவருவார். அந்த வருஷம் வயல் பாதைத் தகராறில் அவருடைய பங்காளி ஒருவன் டீக்கடை முன்னால் வைத்து, ஊரே பார்க்க, அவரைச் செருப்பால் அடித்துவிட்டான். அம்மா அப்பாவிடம் சொல்லி அழுததைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அதற்கப்புறம் வந்த மாமா சவரம் செய்யாமல் வந்தார், பருத்திப்பாலும் வரவில்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிய குறையாக இருந்தது.

ஒருநாள் காலையில் வந்து, அப்பா அரம் போட்டுக்கொண்டிருந்த மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"எனக்கு ஒரு வாள் வேணும் மச்சான். மொட்டையாவே குடுங்க, சாணை நான் பிடிச்சுக்கிறேன்."

அருவாள் அடிக்கப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும், உங்கள் சாமானை யார் சந்தேகப்படப்போகிறார்கள் என்றும் சொன்னார். காப்பி கொண்டுவந்த அம்மா டம்ளரோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா அரத்தை நிறுத்தவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் மாமா நேரே வேறு பட்டறைக்குப் போயிருப்பார் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை வா மாப்ள என்றார் அப்பா.

எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் சொந்தத்தில் ஒருவர் வீட்டிலாவது வாள் தொங்கப்போகிறது. மாமா வீட்டு டிவிக்கு மேலே மாட்டினால் எடுப்பாக இருக்கும் என்று மனசுக்குள் இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டேன்.

காலாண்டு லீவு என்பதால் அந்த வாரம் முழுக்கக் கொட்டகையிலேயே கிடந்தேன். அந்த வாளை அப்பா வேலையாட்களிடம் கொடுக்காமல் தானே செய்தார். கைப்பிடிக்குச் சிவப்புத் தோலை நான்தான் தேர்ந்தெடுத்தேன். கண்ணாடி மாதிரி தேய்த்துத் துடைத்து வைத்தார். ஆனால் எண்ணெயில் முக்கவே இல்லை. கேட்டதற்கு, அதெல்லாம் ஆச்சு, போய் விளையாடு என்றார். எனக்குத் தெரியாமல் அந்தக் கொட்டகையில் எண்ணெய் பற்றியதே கிடையாது. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் உரமேற்றிய வாள், சொந்த மாமாவுக்கு வெறும் இரும்பா என்று எனக்குக் கோபமாக வந்தது.

வெள்ளிக்கிழமை மாமா வந்தார். அப்பா வாளைச் சாக்கில் சுற்றி நீட்டினார். மாமா பிரித்துப் பார்த்தார். திரும்பச் சுற்றப்போன நேரத்தில் நான் குறுக்கே போய் நின்றேன்.

"அப்பா, வளைச்சுப் பாக்கலையே."

அப்பா என்னைப் பார்த்த பார்வையை மறதிக்காரர் முழிக்கிற முழி என்று நினைத்துக்கொண்டேன். உடனே மாமாவுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், எங்கே ஊன்ற வேண்டும், எப்படி அழுத்த வேண்டும், எப்படித் துள்ளி நிமிரும் என்று. மாமா நான் சொன்னபடியே ஊன்றி அழுத்தினார். வாள் வளைந்தது. கையை எடுத்தார். வளைந்தபடியே இருந்தது.

சாலையில் ஒரு பஸ் போய் முடிந்தபிறகு மாமா மெதுவாகக் கேட்டார்.

"தெரிஞ்சேதான் குடுத்தீகளா மச்சான்?"

"ஆமா மாப்ள. நல்லதச் செஞ்சு குடுத்துட்டு ஒங்கக்கா மொகத்துல நான் எப்புடி முழிக்க?"

மாமா பார்சல் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். பெரிய ஆள் ஒருவர் அப்படிக் குலுங்கிக் குலுங்கி அழுது நான் பார்த்ததில்லை. செருப்படி பட்ட நாளில்கூட அவர் அழவில்லை என்று அம்மா பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

அந்த வாளை அவர் எடுத்துப்போகவில்லை. வெகுநாள் அது உலைச் சாம்பலை இழுக்கப் பயன்பட்டது. மாமாவே எத்தனையோ தடவை அதை வைத்துச் சாம்பல் இழுத்திருக்கிறார். இப்போது வில்லாபுரத்தில் இருக்கிறார், போன மாதம்தான் மகளைக் கட்டிக்கொடுத்தார். பந்தியில் அந்தப் பங்காளியும் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தேன். மாமாதான் அவர் இலைக்குப் பாயசம் ஊற்றினார்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். மாமாவுக்குக் கிடைத்தது மட்டமான வாள், அதனால் அழுகிறார். அவர் பக்கத்தில் போய் நின்று, தோளைத் தொட்டு, என்னால் முடிந்த ஆறுதலைச் சொன்னேன்.

"அழாத மாமா. அப்பாகிட்டச் சொல்லி நல்லதா ஒண்ணு செஞ்சு தரச் சொல்றேன்."

அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். பிறகு வீட்டுக்குள் போய், பட்டப்பகலில், சாமி படத்துக்கு விளக்கு ஏற்றினாள். வாள் கேட்டு வந்த தம்பி வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும்போது இவள் எதற்கு விளக்கு ஏற்றுகிறாள் என்று எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது.