முதலாளி முகமும் கூழைக்கடாவும்

ஷார்ஜாவில் கோப்பை, கேடயம், பதக்கம் செய்து கொடுக்கும் கடையில் நான் டிசைனர். எத்தனையோ பைத்தியக்கார ஆர்டர்களைப் பார்த்தாயிற்று. தன் முகத்தையே பதக்கமாக அடித்துத் தரச்சொல்லி வந்தவர் ஒருவர்தான். என் போதாத காலம், அவர் என் தம்பி ஸ்டோர் கீப்பராக வேலை பார்க்கும் கம்பெனியின் முதலாளி.

இத்தாலிக்குச் சுற்றுலா போனவர், அங்கே மியூசியத்தில் ஐந்நூறு வருடத்துப் பழைய வெண்கலப் பதக்கங்களைப் பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் பெரிய மனிதரின் முகம், மறுபக்கம் அவர் குணத்தைச் சொல்ல ஒரு விலங்கு. கற்புக்கு ஒற்றைக்கொம்புக் குதிரை, தியாகத்துக்கு ஆட்டுக்குட்டி என்று எல்லாமே அவர்கள் மதத்தின் அடையாளங்கள். இவர் மனதைத் தொட்டது கூழைக்கடா, அதாவது பெலிகன் பறவை. தன் நெஞ்சைக் கொத்தி, அந்த ரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டுமாம். மனிதருக்காக ரத்தம் சிந்திய ஏசுவுக்கு அது அடையாளமாம். நிஜக் கூழைக்கடா மீனைத்தான் ஊட்டும், அது வேறு விஷயம். பத்து வருடம் உழைத்தவர்களுக்கெல்லாம் இந்தப் பதக்கம் என்றார். யார் ரத்தத்தை யார் குடிக்கிறார்கள்! வாயை மூடிக்கொண்டு அளவைக் குறித்துக்கொண்டேன்.

முதல் படத்தில் பறவையை அவர் முகத்துக்குக் கீழே வரைந்துவிட்டேன். நமக்குச் சாமிக்குக் கீழே வாகனம் பார்த்துத்தானே பழக்கம். நான் என்ன சவாரியா போகிறேன் என்று கத்தினார்.

இந்தக் கூத்தில் மாட்டிக்கொண்டவன் தம்பி. அவனுக்கும் அங்கே பத்து வருடம் ஆகியிருந்தது. ஏழு வருடம் கோயில், ஆஸ்பத்திரி என்று அலைந்த பிறகு அவன் மனைவி அறந்தாங்கியில் நிறைமாதமாக இருந்தாள். கொடுத்திருந்த லீவைக் கம்பெனி நிறுத்திவைத்தது. பதக்கம் வாங்குகிறவர்கள் எல்லோரும் மேடையில் நிற்க வேண்டும், விழா முடிந்துதான் ஊர் என்றார்கள். பதக்கம் தயாரானால்தான் விழா. முதலாளி சரி என்றால்தான் பதக்கம். ஆக, தம்பியின் லீவு என் கம்ப்யூட்டரில் கிடந்தது.

மூக்கைக் குறை என்றார், குறைத்தேன். தாடைச் சதையை எடு என்றார், எடுத்தேன். நான்கு குஞ்சு கூட்டமாகத் தெரிகிறது, இரண்டு போதும் என்றார். ஆள்குறைப்பு அவருக்குக் கைவந்த கலை. பிறகு ரத்தம் எடுப்பாக இல்லை என்று திருப்பி அனுப்பினார். தம்பி விஷயத்தை அவரிடமே சொல்லிப் பார்த்தேன். குழந்தை எங்கேயும் ஓடிவிடாது, விழா ஒருமுறைதான் என்றார். பற்றிக்கொண்டு வந்தது.

பெண் குழந்தை பிறந்தது. ஷார்ஜா முவைலாவில் தன் ரூமில் உட்கார்ந்து குழந்தையைப் போனில் பார்த்துவிட்டு, தம்பி எனக்குக் கூப்பிட்டான்.

"அண்ணே, காது அப்படியே என்னைய மாதிரியாம்ணே" என்றான்.

ஒருவழியாக, துத்தநாகக் கலவைக்கு வெண்கல முலாம் பூசிய முகங்கள் தயாராகி, அஜ்மானில் ஒரு ஹோட்டலில் விழா நடந்தது. செய்து கொடுத்தவன் என்று என்னையும் கூப்பிட்டு முதலாளிக்குப் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள். பதக்கம் வாங்கியவர்கள் அவரவர் பாஷையிலேயே இரண்டு வார்த்தை பேசலாம் என்றார்கள். தம்பி மைக்கைப் பிடித்தான்.

"இந்தப் பறவை குஞ்சுக்கு ரத்தம் குடுக்குதுன்னு சொன்னாங்க. எனக்கும் ஒரு குஞ்சு பொறந்திருக்கு. ரத்தமெல்லாம் வேணாம். கூட்டுக்குப் போக விட்டீங்கன்னா போதும்."

பின்னால் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தமிழ் தெரியாத முதலாளிதான் முதலில் கைதட்டினார். என்ன சொன்னான் என்று பக்கத்திலிருந்த மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் மலையாளி, தமிழ் நன்றாகவே புரியும். அந்த மனுஷன் ஒரு கணம் யோசித்தார்.

"கம்பெனிதான் தன் கூடுன்னு சொல்றான் சார்."

அடப்பாவி! முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட ஆளை இப்போது எப்படி அனுப்புவது, ஸ்டாக் எடுத்து முடிக்கிறவரை இருக்கட்டும், அவனும் சந்தோஷப்படுவான் என்றார். மேனேஜர் தலையாட்டினார். "அவன் அப்படிச் சொல்லலை சார்" என்று நான் எழுந்தேன். அதற்குள் ஸ்பீக்கரில் பாட்டு அலறியது, முதலாளி போட்டோவுக்கு மேடையேறிவிட்டார்.

அவர் தம்பியின் தோளில் கைபோட்டு, காதில் ஏதோ சொல்லிச் சிரித்தார். தம்பிக்கு ஒன்றும் கேட்டிருக்காது. என்னைப் பார்த்து, லீவு கிடைத்துவிட்டதா என்று கண்ணாலேயே கேட்டான்.