உறை கழற்றாத மைக்

பேயோட்டுகிறேன் என்று எங்கள் ஜோகுபாளையத்தில் ஒரு பெண்ணை வேப்பிலையால் அடித்தவனைக் காவல் நிலையம் வரை இழுத்துப்போனவர்களில் நானும் ஒருவன். இதை எழுதினால் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பயன்படுமோ என்று பல காலம் தயங்கினேன். நீங்கள் நம்பவேண்டும் என்று கேட்கவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. அமெரிக்காவில் இருந்த அண்ணனோடு அம்மா ஞாயிறுதோறும் மாடியறைக் கணினியில் பேசுவாள். இதய நோய் முற்றிப் படியேற முடியாமல் போனதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. கீழே கட்டிலில் இருந்தபடியே பேசட்டும் என்று எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடையில், சத்தத்தைத் தொலைவுக்குக் கடத்தும் ஆடியோ எக்ஸ்டெண்டர் வாங்கிவந்தேன். இரண்டு சிறிய பெட்டிகள். ஒன்று மாடியில் கணினியோடு, மற்றது கீழே ஸ்பீக்கரோடும் மைக்கோடும், நடுவே நீளமான ஒரு கேபிள்.

"பெரியவன் கொரலு இங்கயே கேக்குமா?" என்று அம்மா அந்தப் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். மறுநாள் மாட்டலாம் என்றிருந்தேன். விடியுமுன் போய்விட்டாள்.

விசா புதுப்பிப்பில் சிக்கியிருந்த அண்ணனால் வர இயலவில்லை. "அம்மாகிட்ட ஒரு வார்த்த பேசிக்கறேன்டா, அந்த மைக்கயாவது பக்கத்துல வை" என்று போனில் கெஞ்சிவிட்டு வைத்தான். சடங்குக்கு ஆட்கள் கூப்பிடக் கூப்பிட, அவசரமாக எல்லாவற்றையும் பொருத்தி, அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் மைக்கை வைத்தேன். வாசலில் சாவு மேளம், உள்ளே பெண்களின் ஒப்பாரி. ஸ்பீக்கரில் அண்ணன் கதறினான். பிறகு சட்டென்று நிறுத்தி, "சொல்லும்மா" என்றான்.

ஒப்பாரி தேய்ந்தது. மேளம் மட்டும் அடங்கவில்லை.

"சாப்ட்டேம்மா. ரசம்தான்." இடைவெளி. "இல்லம்மா, இங்க அவ்ளோ குளிரு இல்ல." மீண்டும் இடைவெளி, ஒருவர் பேசி முடிக்கப் பிடிக்கும் அளவுக்கு. கடைசியில், ஞாயிறுதோறும் சொல்வதைப்போலவே, "நான் வைக்கல, நீயே வைம்மா" என்றான்.

"பாவம், புள்ளைக்கு மனசு கலங்கிப்போச்சு" என்றாள் அத்தை. நானும் அப்படித்தான் எண்ணினேன்.

அடக்கம் முடிந்து வந்து ஒயர்களைச் சுற்றும்போதுதான் கவனித்தேன். மைக்கின் பிளக் பெட்டியில் செருகப்படவே இல்லை. கடையில் மாட்டிக்கொடுத்த பிளாஸ்டிக் உறை அதன் முனையில் அப்படியே இருந்தது. அம்மா மாடியில் பயன்படுத்திய பழைய ஹெட்செட்டை நானே கழற்றி அலமாரியில் வைத்திருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் அண்ணனை எட்டியிருக்க வழியில்லை.

அண்ணன் இப்போது ஆண்டுதோறும் திதிக்கு வருகிறான். படையல் முடிந்ததும் தவறாமல் அதையே கேட்பான்.

"அம்மா நல்லா தெளிவா பேசுச்சுடா. ஆனா வீடு நெறைய ஆளுங்க இருந்தீங்களே, அம்மாவுக்காக ஒருத்தர்கூட அழலியா? ஒரு சத்தம் கேக்கலயே."

உறையைப் பற்றிச் சொன்னால் எங்கள் அழுகையை அவன் நம்புவான். அம்மாவின் குரலை அதன்பின் அவனால் எப்படித் தாங்கிக்கொள்ள முடியும் என்பதுதான், இத்தனை ஆண்டுகள் யோசித்தும், எனக்குத் தெரியவில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு ஒரே பதிலைச் சொல்கிறேன்.

"இல்லண்ணா. யாரும் அழல."