மெதுவான வளைவு

எங்கள் குழுவில் அவருக்கு ஆமை என்று பெயர். லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். விடுமுறை வந்தால் நாங்கள் ஏழெட்டுப் பேர் பைக்குகளை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பிவிடுவோம். வளைவைக் கண்டால் மற்றவர்களுக்கு வாயெல்லாம் பல். ஆமை மட்டும் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஆடி அசைந்து வந்து சேருவார்.

அவருடைய வண்டியும் லேசுப்பட்டதல்ல. நெடும்பயணத்துக்கென்றே செய்தது. இரண்டு பக்கமும் பெட்டி, முதுகு சாய்ந்துகொள்ள மெத்தை வைத்த பின் சீட். அந்த சீட் அண்ணிக்கு, அதாவது அவர் மனைவிக்கு. வேறு யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"என்னண்ணே, லிஃப்ட்ல வர்ற மாதிரியே வர்றீங்க" என்று ஒருநாள் சீண்டினேன்.

"விழுந்தா நீ வந்து தூக்குவியா? வேகத்துல இது நல்ல பிள்ளை. விட்ட கோட்டுலயே போகும், கோட்ட மாத்தறதுதான் கஷ்டம். நடுத்தர வேகத்துல வலது பக்கம் போகணும்னா வலது பிடிய லேசா முன்னாடி தள்ளு, தானா சாயும். நடக்கிற வேகத்துல திரும்பறப்பதான் இது பேயாட்டம் ஆடும். கிளட்ச் பாதி, கால் பின் பிரேக்குல, கண்ணு போகப்போற ரோட்டுல. ஹேண்டில் மடங்கியிருக்கறப்ப முன் பிரேக்கத் தொட்ட, அவ்வளவுதான். அப்படியே படுத்துக்கும்."

இப்படிப் பேசுகிற மனிதர்தான், போன வருஷம் மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், நடக்கிற வேகத்தில் வண்டியைக் கீழே போட்டார். அவருக்குச் சிராய்ப்பு. அண்ணியின் கால் பெட்டிக்கும் ரோட்டுக்கும் நடுவே மாட்டி இரண்டு இடத்தில் முறிந்தது.

நேர் பின்னால் வந்தது அண்ணியின் தம்பி. மெக்கானிக். எங்கள் குழு வண்டிகள் அத்தனைக்கும் அவன்தான் வைத்தியம். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் கேட்கச் சொன்னான்: "மாமா முன் பிரேக்கப் பிடிச்சிட்டார். நான் பின்னாடியிருந்து பார்த்தேன்."

பின்னாலிருந்து பார்ப்பவனுக்கு பிரேக் விளக்கு எரிவதுதான் தெரியும். எந்த பிரேக் என்று யாருக்குத் தெரியும்? இது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவருக்கே உறைக்கவில்லை. மெக்கானிக், அதுவும் சொந்த மைத்துனன் சொல்கிறானே. தன் கை தனக்குத் தெரியாமல் பிடித்திருக்கும் என்று நம்பிவிட்டார். விழுந்ததற்கு முந்தின வாரம் அவர் இதே மைத்துனனிடம், "மாப்ள, மெதுவா போறப்ப ஹேண்டில் எங்கயோ ஒட்டுது" என்று சொன்னதும், "டயர் புதுசு மாமா, பழகிரும்" என்று அவன் சிரித்ததும் எல்லோருக்கும் மறந்து போயிற்று.

அதற்குப் பிறகு அவர் வண்டியைத் தொடவில்லை. மைத்துனன் எடுத்துப் போய், உடைந்ததையெல்லாம் மாற்றிக் கொண்டுவந்து நிறுத்தினான். அதன்மேல் போர்வையைப் போட்டு மூடினார். அண்ணியைக் கைத்தாங்கலாகப் படியேற்றும் ஒவ்வொரு முறையும், "என்னாலதான்" என்பார். "விடுங்க, கை தவறாத மனுஷன் யாரு" என்பாள் அண்ணி. மைத்துனனோ தவறாமல் வருவான். அக்காவின் காலை மடியில் தூக்கி வைத்து, டாக்டர் சொன்னபடி பாதத்தை மடக்கி நீட்டுவான். இப்படியொரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று என் மனைவி எங்கள் வீட்டில் உருகுவாள். நானும் உருகித் தொலைத்தேன்.

போன ஞாயிறு அண்ணியே சொல்லிவிட்டாள். "வண்டிய எடுங்க. நிறுத்தி வச்சு நிறுத்தி வச்சு அதுவும் கெட்டுப்போகும், நீங்களும் கெட்டுப்போவீங்க."

துணைக்கு நான் போனேன். மலையடிவாரத்து அகல வளைவுகளில் வண்டி பழையபடி கோடு பிடித்துப் போயிற்று. மேலே ஏறும்போது பிடியை லேசாகத் தள்ளித் தள்ளி இடமும் வலமும் சாய்த்தார். அதுவும் பழையபடிதான். அந்தக் கொண்டை ஊசி வந்தது. நடக்கிற வேகத்துக்கு இறங்கினார். வண்டி வெண்ணெய்போலத் திரும்பியது. கீழே போய் மறுபடி வந்தார். மறுபடியும் அப்படியே. நான் கை தட்டினேன். மூன்றாம் முறை திரும்பியதும் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். அவர் முகம் சரியில்லை.

"இது என் ஹேண்டில் இல்ல" என்றார்.

நடு ஸ்டாண்டில் ஏற்றினோம். பின்பக்கத்தை நான் அமுக்கிப் பிடிக்க, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஒரு விரலால் பிடியைத் தள்ளினார். ஹேண்டில் கடைசிவரை தானாகப் போய் விழுந்தது. குனிந்து பார்த்தார். ஹேண்டிலைத் தாங்குகிற கோன் செட்டின் ஓரத்தில் புது கிரீஸ் பிதுங்கியிருந்தது.

"கோன் செட் புதுசு. எல்லாத்தையும் சொன்னான். பெட்டி மாத்தினேன், கண்ணாடி மாத்தினேன்னு. இத ஏன் சொல்லல?"

பழையதில் ஏதோ கோளாறு இருந்திருக்கிறது, சொல்லாமல் மாற்றியிருக்கிறான். கோன் செட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் ஹேண்டில் ஒட்டும். வேகத்தில் ஹேண்டில் அசைவதே கொஞ்சம், தெரியாது. நடக்கிற வேகத்தில்தான், திரும்ப மறுத்து நின்று, பிறகு வெடுக்கென்று மடங்கும். வண்டி படுத்துவிடும். யார் ஓட்டினாலும் படுக்கும்.

இறங்கி வரும்போது அவர் ஒரு வளைவில்கூட வழக்கம்போல முன்னால் போகச் சொல்லி எனக்குக் கை காட்டவில்லை. நான் ஆமைக்குப் பின்னால் ஆமையாக வந்தேன்.

வீட்டில் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். மடியில் அக்காவின் கால்.

"எப்படித் திரும்புச்சு?" என்றாள் அண்ணி, ஆசையாக.

"நல்லா. ஒரு விரல் போதும்."

அவள் முகம் மலர்ந்தது. பிறகு யோசித்தாள். "அப்போ அன்னைக்கு ஏங்க திரும்பல?"

பாதத்தை மடக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"நீ சொல்றியா மாப்ள, நான் சொல்லட்டுமா?"

அவன் தலை நிமிராமல், அக்காவின் பாதத்திடம் பேசுவதுபோலச் சொன்னான். "விழறதுக்கு முந்தி ஒருநாள், பிரேக் பிடிச்சா முன்பக்கம் டக்குனு சத்தம் வருதுன்னு மாமா சொன்னார்க்கா. கோன் செட்ட இறுக்கினேன். அவசரத்துல முன் சக்கரத்தத் தூக்கி ஹேண்டில ஆட்டிப் பார்க்கல. விழுந்தப்பவே தெரிஞ்சு போச்சு."

"விழுந்தப்பவே?"

"கடை போயிடும்னு பயந்துட்டேன்க்கா. அப்புறம் தினமும் சொல்லிடலாம்னுதான் வந்தேன்."

ஆமை சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒரு வருஷமா என் கைய நானே வெட்டிப் போட்டிருந்தேன்டா" என்றார். நான் வாசற்படியிலேயே நின்றேன். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் மனமில்லை.

அண்ணி தம்பியைத் திட்டவில்லை. அந்தக் கால் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. இரண்டு கைகளாலும் அதைத் தூக்கி, அவன் மடியிலிருந்து எடுத்து, மெதுவாகக் கீழே வைத்துக்கொண்டாள்.