பதினொன்று வரவில்லை

சாப்ஜிக்கிச் சூது ஆடாத பெண் அந்தக் காலத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஒருத்தியும் கிடையாது. நான் ஆடவில்லை என்று இப்போது எவளாவது வந்து சொன்னால், அவள் வாய் கூசாமல் பொய் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலாயாவில் லாபிஸ் கடைத்தெருவிலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே அரிசி இல்லாமல் அடுப்பு அணைந்து கிடந்த வீடுகள் உண்டு. எண் கட்டாத வீடு இல்லை.

ஆட்டம் லேசானது. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்கள். ஒன்றைச் சொல்லிக் காசு கட்ட வேண்டும். சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு கடையின் பின்கட்டில் பெட்டியைத் திறந்து அன்றைய எண்ணைச் சொல்வார்கள். நாம் கட்டிய எண் வந்தால் பத்து மடங்கு கிடைக்கும். எங்களிடம் காசு வாங்கிப் போக ஒரு சீனக் கிழவி வருவாள். தோள்தடியில் இரண்டு கூடைகள் தொங்கும், மேலே கீரையும் முள்ளங்கியும் இருக்கும். கீரை விற்றுத்தான் பிழைக்கிறாள் என்று நம்பியவர்கள் தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணியும் வெள்ளைக்காரத் துரையும் மட்டுந்தான்.

எந்த எண் எப்போது வந்தது என்பதெல்லாம் குழாயடியில் வாய்க்கணக்காக இருக்கும். இன்னாருக்குப் பிள்ளை பிறந்த அன்றைக்கு மூன்று, பெரிய மழையில் ஆலமரம் சாய்ந்த அன்றைக்கு ஒன்பது என்று சொல்லிக்கொள்வோம். எங்களுக்கு எண்கள் எண்களாகவே தெரியவில்லை. தினமும் விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று, பேர் கூப்பிட்டதும் குரல் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள். நாலைந்து நாள் பெரட்டுக்கு வராதவன் அடுத்த நாள் எப்படியும் வந்துவிடுவான், வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். எண்ணும் அப்படித்தான் என்று எங்களுக்கு நினைப்பு. ரொம்ப நாள் வராத எண் எங்கே போய்விடும், ஒரு நாள் வந்துதானே ஆக வேண்டும்?

அந்த வருஷம் பதினொன்று வரவேயில்லை.

என் வீட்டுக்காரரையும் என்னையும் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே சாதி இல்லை. ஊரில் எனக்கு மூன்று அண்ணன்மார். அவரோடு நான் புறப்பட்ட இரவு அவர்கள் அரிவாளை எடுத்துக்கொண்டு ரயிலடி வரைக்கும் வந்தார்களாம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. நடுவில் கடல் இருந்ததால் உயிரோடு இருந்தோம், அவ்வளவுதான். எங்கள் கங்காணி சேர்த்த ஆட்கள் எல்லாரும் எங்கள் ஊருக்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களுக்குள் மாமன் மச்சான் உறவு இருந்தது. எங்களை யாரும் விசேஷத்துக்குக் கூப்பிடமாட்டார்கள், சண்டைக்கும் கூப்பிடமாட்டார்கள். பக்கத்து அறையில் இருந்த அக்கா ஒருத்திதான் என்னோடு பேசுவாள். புருஷனைப் பறிகொடுத்தவள். அளந்து பேசுகிறவள். நானோ கோபக்காரி. வாயைத் திறந்தால் மூடமாட்டேன்.

ரப்பர் விலை விழுந்தது. பால் வெட்ட மரம் இருந்தும் வெட்டச் சொல்ல ஆள் இல்லை. அப்புறம் ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். பெரட்டில் வழக்கம்போல் பேர் கூப்பிட்டு முடித்ததும் கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் சில பேரைத் தனியாகக் கூப்பிடுவார். அவர்கள் இடது பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். வீட்டுக்குப் போய் மூட்டை கட்டுகிற நேரம்தான் அவகாசம். அன்றைக்கே லாரியில் ஏற்றி, ரயிலுக்குக் கொண்டுபோய், கப்பல் வரைக்கும் கூடவே ஆள் போகும். சிலர் சந்தோஷமாகத்தான் போனார்கள், அவர்களுக்கு அங்கே நிலமும் தாய் தகப்பனும் இருந்தார்கள். எங்களுக்கு என்ன இருந்தது? அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களோடு சேர்த்து இறக்கிவிட்டால் நாங்கள் வந்த சேதி எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேரும். என்னை வெட்டுவார்களோ இல்லையோ, அவரை விடமாட்டார்கள்.

தப்புவதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது. ஒரு பசு மாடு. தோட்டத்தை விட்டு நாமாகவே விலகி, கடைத்தெருப் பக்கம் ஒரு கொட்டகை போட்டுப் பால் ஊற்றிப் பிழைத்தால் கங்காணிக்கும் நமக்கும் பேச்சில்லை. அப்படிப் பிழைத்தவர்களைக் கண்ணால் பார்த்திருந்தேன். மாட்டுக்குக் காசு வேண்டும். காசுக்குப் பதினொன்று வர வேண்டும்.

பதினொன்றிலேயே கட்டினேன். நான் மட்டுமா, லயமே கட்டியது. போன வருஷத் தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை வந்ததாகச் சிலர் சொன்னார்கள், அதற்கும் முன்னால் என்றார்கள் சிலர். நாள் ஆக ஆக எங்களுக்குப் பயம் வரவில்லை, துணிச்சல்தான் வந்தது. இன்றைக்கு வராவிட்டால் நாளைக்கு வருவது இன்னும் நிச்சயம் என்று கட்டினோம். வேறு எண் கட்டியவளைப் பார்த்துச் சிரித்தோம். என் வீட்டுக்காரர் சூதாடமாட்டார், என்னைத் தடுக்கவும் மாட்டார். தடுத்தால் வீட்டில் இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் சோற்றில் கை வைத்தபடி அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

"ரொம்ப நாளா வராதது கட்டாயம் வரும்னு சொல்ற. நம்ம பேரும்தான் ரொம்ப நாளா வரல."

அதுவரைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தது நேர்மாறாக. இத்தனை தடவை கூப்பிட்டும் எங்கள் பேர் வரவில்லை, ஆகவே நாங்கள் தப்பித்தோம் என்று இருந்தேன். எண்ணுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம் வைத்திருந்தேன். "வாய அலம்பிட்டு வாங்க" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். ஆனால் அன்றிலிருந்து பெரட்டில் கங்காணி தொண்டையைச் செருமினாலே என் கண் இடது பக்கம் போகும்.

பிறகு ஒரு காலை. பதினொன்றுக்குக் காசை நீட்டினேன். கிழவி வாங்காமல் என் முகத்தையே பார்த்தாள். எப்போதும் அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பேன், அதனாலோ என்னவோ. சுற்றிலும் பார்த்துக்கொண்டு மலாயில் சொன்னாள்.

"ஜாங்ஙான். பாஞாக் ஓராங் தாரோ."

வேண்டாம், நிறையப் பேர் கட்டுகிறார்கள் என்றாள். நிறையப் பேர் கட்டினால் என்ன என்று கேட்டேன். கூடையிலிருந்த முள்ளங்கிகளைக் கும்பல் கும்பலாகப் பிரித்து வைத்துக் காட்டினாள். காசு எல்லாம் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கடை முதலாளி தவுக்கே எண்ணைப் பெட்டிக்குள் வைக்கிறாராம். எந்தக் கும்பல் பெரிதோ அதைத் தொடமாட்டாராம். ஒற்றை முள்ளங்கி கிடந்த இடத்தைத் தட்டி, இதுதான் வரும் என்றாள். எண்ணுக்கு முறையும் இல்லை, வேளையும் இல்லை. பதினொன்று வராததற்குக் காரணம் நாங்கள். எல்லாரும் அதிலேயே கட்டியதால் அது வரவில்லை. வரவில்லை என்பதால் மேலும் கட்டினோம். எங்கள் வாயில் நாங்களே மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

கிழவி போன பிறகு எனக்கு அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தவுக்கேயைத் திட்டினேன், லயத்தைத் திட்டினேன். அந்த ஆத்திரத்துக்கு நடுவில் ஒரு நினைப்பு வந்தது, அது என்னை உலுக்கிவிட்டது. பெட்டியில் எண் வைக்கிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்றால், பெரட்டில் பேர் வைக்கிறவனும் ஒருத்தன் இருக்கிறான். அவனும் முறை பார்க்கமாட்டான். யாரை அனுப்பினால் தனக்குச் சேதம் இல்லை என்றுதான் பார்ப்பான். மாமனும் மச்சானுமாகக் கூட்டம் இருக்கிறவனைத் தொட்டால் பத்துப் பேர் வாசலில் வந்து நிற்பார்கள். எங்களைத் தொட்டால் யார் வருவார்? எங்கள் பேர்மேல் காசு கட்டியவர் யார்?

யோசித்துப் பார்த்தால் அக்கா ஒருத்திதான். ஆனால் அந்த நாட்களில் அக்காவின் போக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. வேலை முடிந்ததும் கங்காணி வீட்டுப் பக்கம் போகிறாள், இருட்டும்போது திரும்புகிறாள். எங்கே போனாய் என்றால் "சும்மாதான்" என்பாள், கண்ணைப் பார்க்கமாட்டாள். கங்காணி வீட்டுக்கு யாராவது சும்மா போவார்களா? தான் இங்கேயே இருப்பதற்காக எங்கள் கதையைப் போட்டுக் கொடுக்கிறாள் என்று முடிவு கட்டினேன். வாய்க்காரியான நான் அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் எனக்குப் பேசுவதற்கு ஒருத்தியும் மிஞ்சமாட்டாள் என்ற பயம்.

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேர் கூப்பிட்ட பிறகு தப்ப முடியாது, அதற்கு முன்னால் போய்விடுவோம் என்றேன். மாடு இல்லாமல் எங்கே போவது என்று கேட்டார். காஹாங் பக்கம் காடு வெட்ட ஆள் எடுப்பதாகக் கடையில் பேச்சு அடிபட்டிருந்தது. அந்தக் காட்டில் காய்ச்சல் பொல்லாதது என்றும் பேச்சு அடிபட்டிருந்தது. காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது, என் அண்ணன்களுக்கு என்ன மருந்து என்று கேட்டேன். "சரி புள்ள, நீ சொன்னா சரி" என்றார்.

சம்பளம் போட்ட மறுநாள் பட்டப்பகலில் கடைக்குப் போகிறவர்கள் மாதிரி புறப்பட்டோம். அக்கா வீட்டில் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். குளுவாங்கில் ரயிலை விட்டு இறங்கி, மரம் ஏற்றும் லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே மழைக்காலம் பிடித்துக்கொண்டது. குடிசைக்குள் தண்ணீர், வெளியே தண்ணீர், எந்நேரமும் கொசு. அங்கேயும் ஒருத்தன் எண் கேட்டு வந்தான், விளக்குமாற்றை எடுத்தேன். அவருக்கு முதல் காய்ச்சல் வந்து போனது. இரண்டாவது வந்தபோது என்னை அடையாளம் தெரியாமல், பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரிக்காரன் காலைப் பிடித்துக் கேட்டேன். பாலம் மூழ்கிக் கிடக்கிறது, தண்ணீர் வடியட்டும் என்றான். தண்ணீர் வடிந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

அதற்குப் பிறகு நான் எப்படி இருந்தேன் என்பது எனக்கே தெளிவாக நினைவில்லை. பொந்தியானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன், பிறகு சமைத்தேன். ரப்பர் விலை மறுபடியும் ஏறியிருந்தது. தோட்டங்களில் ஆள் போதவில்லை, வா வா என்று கூப்பிடுகிறார்கள் என்று சாப்பிட வருகிறவர்கள் சொல்லக் கேட்டேன்.

ஒரு தடவை குளுவாங் ரயிலடியில் அக்காவைப் பார்த்தேன். அவள்தான் என்னை முதலில் பார்த்தாள். என் நெற்றியைப் பார்த்துவிட்டு மூட்டையைக் கீழே போட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். பேர் வந்துவிடும் என்று பயந்து ஓடினோம் என்றேன். நீயும் கங்காணி வீடே கதி என்று கிடந்தாயே என்று, அத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டும்விட்டேன்.

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நான் அங்க மாவு இடிச்சேன்டி. கூலி வேணாம், அந்த ரெண்டு பேரையும் கூப்பிடாதீங்கன்னு கங்காணி பொண்டாட்டிகிட்ட பேசி வச்சிருந்தேன். அவங்களும் சரின்னுட்டாங்க. நீங்க போன பிறகும் அந்த மகராசி என்னை விடல. பேசின மாசம் முடியற வரைக்கும் இடிக்க வச்சாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்று கத்தினேன். ரயிலடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன் வாய் எனக்குத் தெரியாதா? எங்களுக்காக இவ ஏன் இடிக்கணும்னு கங்காணி வாசல்லயே போய் நின்னு சண்டை புடிச்சிருப்ப. அப்புறம் உங்க பேருதான் மொதல்ல வந்திருக்கும்."

அக்காவின் ரயில் வந்தது. என் கையைப் பிடித்தாள், உதறிவிட்டேன். இன்றைக்கும் அவள்மேல் எனக்குக் கோபம்தான், அதை மறைக்கவில்லை. அவள் சொன்னது சரி. சண்டை பிடிக்கத்தான் கிளம்பியிருப்பேன். எதற்கும் என்னைத் தடுக்காத என் வீட்டுக்காரர் இதற்கு மட்டும், வாசலைத் தாண்டுமுன் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்திருப்பார்.