வலைக்கோடு விழாத ஒரு குரங்குப் படம்

ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு குரங்குக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டவன் நான். அதைப் பார்த்துச் சிரித்ததுதான் நான் செய்த தப்பு. போர்ட் பிளேரில் மின்னி பே பக்கம் பிறந்து வளர்ந்தவன். அங்கே குரங்கைக் கூண்டுக்குள்தான் பார்த்திருக்கிறேன். பல்லைக் காட்டினால் அதற்குக் கோபம் வரும் என்பது மெயின்லேண்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம்.

தெற்கே கடைசித் தீவில், கேம்பல் பே ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே கடைத்தெரு முழுக்க நீளவால் குரங்குகள். தகரக் கூரையில் தடதடவென்று ஓடும், பைக்கில் மாட்டிய பையைக் குடையும், தண்ணீர்த் தொட்டி மூடியைத் தள்ளிவிட்டுக் குடிக்கும். புதுக் கேமராவோடு போன எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக அலைந்தேன். குரங்குகளும் என்னைப் போலத்தான், ஓரிடத்தில் நின்று தொலைக்கவில்லை.

சரக்குக் கப்பல் வருவது தள்ளிப்போனதில் பஜாரில் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் விட்டால் காய் இல்லை. தங்கை பின்பக்கம் சாக்குகளில் மண் நிரப்பிப் பயத்தங்காய் போட்டிருந்தாள். அடுக்களைக் கதவு தொடங்கி மதில்வரை, மேலேயும் சேர்த்து, பழைய மீன்வலை கட்டியிருந்தாள். மறுநாள் பறிக்கலாம், அதுவரை வலையைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

நான் வலைக்குள் நின்று மதில்மேல் இருந்த குரங்குகளை எடுத்தேன். எந்தப் படத்தைப் பார்த்தாலும் மூஞ்சியில் குறுக்கே கோடு. ஒரே ஒரு படம், உடனே கட்டிவிடலாம் என்று மூலையில் இரண்டு முடிச்சை அவிழ்த்தேன்.

குட்டியை அணைத்தபடி ஒரு தாய்க்குரங்கு நேராக என்னைப் பார்த்தது. ஆட்களைச் சிரிக்கவைத்துப் படம் எடுக்கும் போட்டோ ஸ்டுடியோக்காரன் பழக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அதுவும் பல்லைக் காட்டியது. காட்டிக்கொண்டே உள்ளே குதித்தது. நான் அடுக்களைக்குள் ஓடித் தாழ் போட்டேன்.

அதன் பின்னால் மொத்தக் கூட்டமும் வந்தது. காயை ஒரு கடி கடித்து எறிந்தன, கொடியை வேரோடு இழுத்தன. நான் உள்ளிருந்து தட்டைத் தட்டியிருக்கலாம், கத்தியிருக்கலாம். ஜன்னல் வழியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் தங்கை கொடி போன சாக்குகளைச் சுற்றிவந்தாள். மாப்பிள்ளை கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டு, "மச்சான், போட்டோ ஏக்தம் கிளியர், ஒரு கோடுகூட இல்லை" என்றார்.

அவள் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தவள், தலையைத் தூக்காமலே சொன்னாள்: "குரங்குக்காவது பசிச்சுது. உனக்கு என்ன கேடு அண்ணே?"