லோரி சீட்டில் ஒரு பர்ஸ்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்க வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். தங்கச்சி கல்யாணத்துக்கு மூணு மாசம் இருக்கும்போது அவள் ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகைத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். "அக்கா, ரிசப்ஷனுக்கு இந்த மாதிரி பர்ஸ் ஒண்ணு கிடைச்சா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்றாள். கைப்பிடி இல்லாத, உள்ளங்கையில் பிடித்துக்கொள்ளும் சின்னப் பர்ஸ். கிரீம் நிற நூலில் கொக்கி ஊசியால் பின்னியது. மூடியின் ஓரத்தில் சிப்பி சிப்பியாக வளைவு, நடுவில் ஒரு முத்துப் பொத்தான். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஏற்றது என்று வேறு போட்டிருந்தது. "இவ்வளவுதானா? நானே போட்டுத் தரேன் போ" என்று சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் கொக்கி ஊசியை நான் கையால் தொட்டதுகூடக் கிடையாது.

எண்பதுகளின் ஆரம்பம் அது. நாங்கள் மலேசியாவில், கிள்ளானில் குடியிருந்தோம். நான் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். டைப்ரைட்டரில் என் விரல் பறக்கும், ஆபீசே பார்க்கும். அந்தத் திமிரில்தான் நூலும் ஊசியும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நாற்பது சங்கிலி போடச் சொன்னது தாள், போட்டேன். திரும்பி வந்து ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு கண்ணி, மறுபடி திரும்பி அதன் மேல் இன்னொரு வரிசை. கடைசி வரைக்கும் இதேதான். ஒரு சாண் அகலத்தில் நீளமாகப் பின்னி மூணாக மடித்தால் பர்ஸ். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். ஆனால் என் கையில் மட்டும் அது வரிசைக்கு வரிசை ஒடுங்கிக்கொண்டே போய் மூணு வாரத்தில் சமோசாவாக நின்றது. பிரித்தேன், மறுபடி போட்டேன், மறுபடியும் சமோசா. "சனியனே!" என்று அதைச் சுவரில் வீசி அடித்தேன்.

அது போய் என் வீட்டுக்காரர் காலடியில் விழுந்தது. அவர் லோரி ஓட்டுகிறவர். மேரு பக்கத்துத் தொழிற்சாலைகளில் சாமான் ஏற்றி போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இறக்குவது வேலை. பேச்சு ரொம்பக் குறைவு. நான் பேசுவதில் பத்தில் ஒரு பங்கு பேசினாலே அதிசயம். குனிந்து எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஒவ்வொரு வாட்டியும் கடைசிக் கண்ணிய விட்டுட்டுத் திரும்புற" என்றார். "லோரிய முனை வரைக்கும் கொண்டு போய்த்தானே ஒடிக்கணும்? நீ முன்னாடியே ஒடிச்சிடுற."

எனக்கு வந்ததே கோபம். "அப்ப நீங்களே போடுங்க, பார்ப்போம்!"

போட்டார். அதுதான் நடந்தது. தாளில் இருந்த இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது, தமிழ்ப்பள்ளியில் மூணாம் வகுப்போடு நின்றவர். "நீ படிம்மா" என்றார். நான் படித்து அர்த்தம் சொன்னேன், அவர் கை செய்தது. நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு. தார்ப்பாய்க் கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. அந்தக் கை அவ்வளவு மெல்லிய ஊசியை அவ்வளவு பதவிசாகப் பிடிக்கும் என்று யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அரை மணி நேரத்தில் ஆறு வரிசை, ஓரம் ரெண்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல. நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அது முதல் தடவை என்று பின்னாளில் அவர் கிண்டல் பண்ணுவார்.

"நான் போட்டுத் தரேன். ஆனா யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றார். காரணம் இருந்தது. போர்ட்டில் லோரிக்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதுதான் பொழுதுபோக்கு. ஒருத்தர் ஒருநாள் தெரியாமல் பெண்டாட்டி செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பத்து வருஷமாக அவர் பெயர் 'மாமி'. அவருக்குப் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் மாமிதான். நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

போர்ட்டில் சாமான் இறக்க வரிசையில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். மற்றவர்கள் மரத்தடியில் சீட்டு ஆடுவார்கள், அரட்டை அடிப்பார்கள். இவர் தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டு, லோரிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்த வெக்கையில் உட்கார்ந்து பின்னினார். யாராவது கிட்டே வந்தால் மடியில் துண்டு விழுந்துவிடும். நூலை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடியில் ஓட்டை போட்டு இழுத்தார், ஒரு பொட்டு அழுக்குப் படவில்லை. வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவி, அன்றைக்குப் போட்டதை எடுத்து மேசையில் வைப்பார். நான் பார்க்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். ஐயோ, அந்தப் பார்வைக்கே என்ன வேணுமானாலும் செய்யலாம்!

சிப்பி ஓரம்தான் கஷ்டம். ஒரே கண்ணியில் ஐந்து நீளத் தையல் விழ வேண்டும். "அஞ்சு பேர ஒரே சீட்டுல ஏத்தணுமா?" என்று சிரித்தார். முதலில் சுருண்டது. நாலு தடவை பிரித்தார். என்னைப் போலச் சுவரில் அடிக்கவில்லை. ரெண்டு கண்ணி விட்டுக் குத்தச் சொல்லியிருந்த இடத்தில், தானாகவே யோசித்து மூணு விட்டார், நூலையும் கொஞ்சம் தளர்த்தினார். வளைவு படிந்து உட்கார்ந்தது. உள்துணி மட்டும் நான் தைத்தேன், அதுவும் கோணல். பர்ஸ் துவளாமல் நிற்க, அந்தப் பத்திரிகைத் தாளையே மடித்து உள்ளே வைத்தார்.

ரிசப்ஷனில் தங்கச்சி அதை யார் யாரிடமெல்லாம் காட்டினாள் தெரியுமா! "என் அக்கா கையால போட்டது" என்று சொல்லிச் சொல்லி அவள் வாய் வலித்திருக்கும். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். எல்லாரும் என் கையைப் பிடித்துப் பாராட்டும்போது எனக்குக் கூசியது. அவர் தூரத்தில் வெற்றிலை பாக்குத் தட்டை வைத்துக்கொண்டு, யாரோ போட்டதைப் பார்ப்பது போல நின்றார்.

வினை மறுநாள் வந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில், ரயில்வே குவார்ட்டர்சில் எங்க அம்மா வீடு. பெண்கள் எல்லாம் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். மறுவீட்டுக்கு வந்த தங்கச்சியும் இருந்தாள். வாசலில் அவரும் அவருடைய கூட்டாளி டிரைவர்கள் ரெண்டு பேரும் வாடகை நாற்காலிகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆன்டி வந்தார். டீச்சராக இருந்தவர், பின்னல் வேலையில் கைதேர்ந்தவர். பர்ஸை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பிள்ளை, இந்த ஓரத்தை எப்பிடிப் போட்டனீர்? எனக்கு எப்பவும் சுருண்டு போகுது. ஒருக்கால் செய்து காட்டும், பாப்பம்" என்று தன் பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து என் கையில் வைத்தார்.

எனக்கு வியர்த்துவிட்டது. கை சுளுக்கு என்றேன். சும்மா ரெண்டு கண்ணி போதும் என்றார். போட்டேன், ஊசி நழுவியது. மறுபடி போட்டேன், நூல் சிக்கியது. ஆன்டி சிரித்துக்கொண்டே, "கடையில வாங்கினதோ?" என்றார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் தங்கச்சி என்னைப் பார்த்தாள். நேற்று முழுக்க ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பிள்ளை. அவள் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தேன். "அக்கா...?" என்றாள். உண்மையைச் சொன்னால் என் வீட்டுக்காரர் தலையில் மண், சொல்லாவிட்டால் இவளுக்கு நான் பொய்க்காரி. இத்தனை நீள வாய், ஒரு சொல் வரவில்லை.

"நான் போட்டது."

வாசலில் நாற்காலியைத் தோளில் வைத்தபடி அவர் நின்றார். பின்னாலேயே ரெண்டு டிரைவர்களும். நாற்காலியை இறக்கி வைத்தார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, அத்தனை பெண்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் கையிலிருந்த ஊசியை வாங்கினார்.

"சிக்குனது ஒண்ணுமில்ல, ஆன்டி. மூணு விட்டுக் குத்துங்க, நூலத் தளர்த்துங்க. சுருளாது" என்றார். அவர் காது மடல் சிவந்திருந்தது, கை மட்டும் வளைவு வளைவாகப் போட்டுக்கொண்டே போனது. வாசலில் ஒருத்தன் பக்கென்று சிரித்தான். "என்னடா சிரிப்பு? உன்னால முடியுமா? வந்து போடேன் பார்ப்போம்!" என்று நான் கத்திய கத்தலில் அவன் நாற்காலியோடு ஓடினான்.

தங்கச்சி பர்ஸைத் திறந்து அந்த மடித்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "மாமா, எனக்கும் சொல்லிக்குடுங்க" என்றாள்.

"அக்கா படிக்கட்டும்" என்றார் அவர். நான் படித்தேன்.

திங்கட்கிழமை போர்ட்டுக்குப் போனார். போன உடனே பெயர் காத்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவர் பெயர் 'பர்ஸ்'. வேலையை விடும் வரைக்கும் அதுதான். இன்றைக்கும் கிள்ளான் பாசாரில் யாராவது அந்தக் காலத்து டிரைவர் பார்த்துவிட்டால், "டேய் பர்ஸ்!" என்று மீன் கடையிலிருந்து கூப்பிடுவான். எனக்குத்தான் சுரீர் என்று ஏறும். "உங்களுக்குக் கோபமே வராதா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"உன் தங்கச்சி அன்னிக்கு உன்னைப் பார்த்தாளே ஒரு பார்வை" என்றார். "அதுக்கு இது தேவலை லா." அப்புறம் திரும்பி, மீன் கடைப் பக்கம் கையை ஆட்டினார்.