ஜீப் டிரைவரின் மரப்பாலம்

கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் அவர். நரைத்த மீசை, தோளில் துண்டு. விரலை நீட்டித் தலைகளை எண்ணாமல் வண்டியை எடுக்கமாட்டார்.

ஒரு ஞாயிறு மதியம் எங்கள் மாயாஜாலக் கதை விளையாட்டுக்கு ஓர் ஆள் குறைந்தது. நான் கதை சொல்வேன். ஆடுபவர்கள் பாத்திரங்களாக மாறி முடிவெடுப்பார்கள். எதிர்வீட்டுக்காரரான அவரை அழைத்தேன்.

"எனக்கு நடிக்கவெல்லாம் வராது தம்பி. ஆளை விடுங்க."

"நடிக்க வேணாம்ணே. நீங்க வண்டிக்காரரு. ஊர்சனம் பன்னெண்டு பேரு வண்டியில இருக்காக. பின்னால அரக்கன் துரத்துறான். முன்னால இத்துப்போன மரப்பாலம். என்ன செய்வீக?"

கிளம்ப எழுந்தவர் நின்றார்.

"சனத்தை இறக்கி முன்னால நடக்க விடுவேன். வெறும் வண்டிய நான் ஓட்டிக்கிட்டு வருவேன். மலையில மழைக்கு ரோடு அரிச்சா அப்படித்தான செய்றோம்?"

மூன்று ஞாயிறாக எங்கள் வீரர்கள் அதே பாலத்தில் வாளைச் சுழற்றிக்கொண்டே வண்டியோடு ஆற்றில் விழுந்திருந்தார்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

இருபது முகப் பகடையை அவர் கையில் திணித்தேன். பதினெட்டுக்குக் குறைந்தால் வண்டி ஆற்றில்.

இருபது விழுந்தது! வண்டி கரையேறியது, பாலம் அரக்கனோடு சரிந்தது. நாங்கள் கத்திக் கூத்தாடினோம்.

அவர் மட்டும் காலி மேஜையின் மேல் விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணு, பன்னெண்டு. சரி தம்பி, போலாம்."